மூடிய கடைகளின் பட்டியல்

கடைப் பட்டியல் தொகுத்தவருக்குச் சங்கரன்கோவிலிலிருந்து சண்முகவேலாயுதம் எழுதிக்கொள்வது.

சென்ற ஞாயிறு காலை எங்கள் வீட்டில் மூவர் இருந்தோம். கணினிக்கு எதிரே மகள் ஆவுடை, அவளுக்கு வலப்புறம் நான், கட்டிலில் கீரை ஆய்ந்தபடி என் மனைவி கோமதி. கோமதியின் ஓய்வுத்தொகை முழுவதையும் ஊர்க் கடைகளின் பங்குகளில் போடுவதாக இருந்தோம். பெட்டிக்கடைக்கும் பங்குச்சந்தை வந்துதான் இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறதே! எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று ஆவுடை ஒரு வழிமுறை வகுத்திருந்தாள். அதைக் கடந்த இருபது ஆண்டு விலைகளில் ஓட்டிப் பார்க்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது.

முதலில் பார்த்த இரண்டிலும் கொள்ளை லாபம் வந்தது.

"எப்பா, நாளைக்கே போட்டுருவமா?" என்றாள் ஆவுடை.

"ஏட்டி, பொறு. அதுல உங்கப்பா பேக்கரி இருக்கான்னு பாரு," என்றாள் கோமதி.

இரண்டிலும் இல்லை. இன்று திறந்திருக்கும் கடைகளை மட்டுமே வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள்.

மூன்றாவதாகப் பார்த்த, உங்கள் பட்டியலை வைத்துக் கணக்கிடும் மென்பொருளில் இருந்தது. என் பேக்கரியின் பெயர், மூடிய தேதி, கடைசி விலை பூஜ்யம். அதைப்போல் முந்நூற்றுப் பன்னிரண்டு கடைகள். அதே முறையை ஓட்டினோம். கணக்கில், போட்டதில் பாதி கரைந்தது.

"உங்க கடை ஒருவழியா வீட்டுக்கு உதவிட்டு," என்று கோமதி சிரித்தாள். தொகை வங்கியிலேயே இருக்கிறது.

ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கடையைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. முகம் தெரியாத நீங்கள் அதை விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறீர்கள். மிக்க நன்றி.

ஒரே ஒரு திருத்தம். மூடியது பதினான்காம் தேதி அல்ல, பதினைந்து. அன்று காலையும் பன் சுட்டு விற்றேன்.

ஆவுடை பசையோடு நிற்கிறாள். உறையை ஒட்டி, இன்றைய தபாலிலேயே சேர்த்துவிடுகிறேன்.