கதவுக்குப் பின்னால் இருந்த கிளி

“ஏட்டி, ஓவியக் கூடம் பக்கமே போயிராத. அடுத்தவங்க வரைஞ்சதப் பாத்தா நமக்குச் சொந்தமா வராது,” என்று ஆலியா அடிக்கடி சொல்வாள்.

ராஜபாளையத்து நைட்டிக் கம்பெனி ஒன்றில் ஆலியாவும் நாஜியாவும் ஏழு வருடமாக அருகருகே உட்கார்ந்து எம்பிராய்டரிக்கு டிசைன் வரைகிறார்கள். ஆலியாவின் டிசைன் என்றால் கடைக்காரர்கள் போட்டி போடுவார்கள். எப்படி என்று கேட்டால், “கண்ண மூடுவேன், தன்னால வரும்,” என்பாள்.

மூன்று மாதமாக நாஜியாவுக்கு ஒரு டிசைனும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆலியாவிடம் மூச்சுவிடாமல், தனியாக மதுரையில் ஓர் ஓவியக் கூடத்துக்குப் போனாள்.

உள்ளே நுழைந்ததுமே கால் நின்றுவிட்டது. போன தீபாவளிக்கு விற்றுத் தீர்ந்த ஆலியாவின் மயில், சட்டத்துக்குள் தோகை விரித்திருந்தது. பக்கத்தில் அவளுடைய மாங்கொத்து. எதிர்ச்சுவரில் அவளுடைய தாமரை. எல்லாமே நூறு வருடப் பழசு.

“அடிப்பாவி, எங்கிட்டயேவா?” நாஜியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்துக்கு நேராக நீட்டிக் கேட்பதற்காக, ஒன்று விடாமல் எல்லாப் படங்களையும் போனில் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்து வயிறெரிந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது ஒரு படத்தில் விரல் நின்றது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கிளி. அதை ஆலியா இன்னும் வரையவில்லை.

மறுநாள் காலை நாஜியா ஒன்றும் கேட்கவில்லை. புது டிசைனை மேசையில் விரித்து வைத்தாள். “கண்ண மூடுனேன், தன்னால வந்துச்சு.”

ஆலியா அந்தக் கிளியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குரல் உடைந்துவிட்டது.

“இத வர்ற தீபாவளிக்குன்னுல்ல வச்சிருந்தேன். உன்னப் போயி நம்புனேன் பாரு.”