கையைக் காட்டுங்கோ, மச்சாள்

"முதல்லை கையைக் காட்டுங்கோ, மச்சாள். பிறகு உள்ளுக்கு வரலாம்."

வேலி வாசல் படலையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள் பூரணம்.

மருதனார்மடத்திலிருந்து வெயிலோடு வந்து சேர்ந்த நாகேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொண்ணூறு கடந்த தகப்பன் படுக்கையில் கிடக்கிறார். தம்பியின் மனைவி வழிமறிக்கிறாள்!

"என்ரை அப்புவைப் பாக்க உனக்கு நான் கை காட்டவேணுமோ?"

"தோணித் துறையிலை ஒருத்தருக்குப் பேரம்மை கண்டிட்டுது, மச்சாள். கையிலை அம்மை குத்தின தழும்பில்லாத ஆரையும் மாமாவுக்குக் கிட்ட விடமாட்டன்."

"அப்புவுக்குத்தான் குத்தியாச்சாமே. பிறகென்ன பயம்?"

பூரணம் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து கிழவரின் குரல் வந்தது.

"ஆரது, நாகேசோ? உவள் பூரணம் என்னை எட்டியும் பாக்கிறேல்லை, பிள்ளை. கஞ்சியும் உன்ரை தம்பிதான் பருக்கிறான்."

பக்கத்து வீட்டுச் சின்னாச்சி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"உண்மைதான், நாகேஸ்வரி. அந்த அறைப் பக்கமே இவள் போறேல்லை. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

நாகேஸ்வரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"கலியாணம் கட்டி எத்தினை வருஷம்? ஒரு பிள்ளையைப் பெத்திருந்தாலல்லோ பெத்தவையின்ரை அருமை தெரியும்! விடடி படலையை!"

பூரணத்தின் முகம் வெளுத்தது. ஆனால் படலையை விடவில்லை. நாகேஸ்வரி முழுப் பலத்தோடும் தள்ளினாள். பூரணம் தடுமாறி வேலிக் கதியாலில் சாய்ந்தாள்.

"ஐயோ, தள்ளாதேங்கோ!"

கத்தியபடி சைக்கிளை றோட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தார் சீவரத்தினம். ஊரில் அம்மை குத்தித் திரியும் சுகாதாரப் பரிசோதகர்.

"நீங்களே கேளுங்கோ, ஐயா. பெத்த அப்புவைப் பாக்க விடுறாளில்லை."

"நான்தான் மறிக்கச் சொன்னனான், அம்மா. அப்புவுக்குத் திரும்பத் திரும்பக் குத்திப் பாத்திட்டன். கொப்புளம் எழும்பேல்லை, மருந்து பிடிக்கேல்லை. நல்லா வயது போன உடம்பு, மருந்து போனாலும் எதிர்த்து எழும்புதில்லை."

"அப்ப... அம்மை வந்தால்?"

"தாங்கமாட்டார். அவருக்குக் கிட்டப் போறவைக்கு அம்மை குத்திப் பிடிச்சிருக்கவேணும். அதுதான் இனி அவருக்குக் காவல்."

நாகேஸ்வரி படலையை விட்டு ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குத்தி முடிந்தது.

"இனிப் போகலாமோ?"

"கொப்புளம் எழும்பட்டும், அம்மா. சில நாள் செல்லும்."

"அதுவரைக்கும் நான் றோட்டிலையோ கிடக்கிறது?"

பூரணம் படலையைத் திறந்து வளவு மூலையைக் காட்டினாள். அங்கே வலை வைக்கும் கொட்டில். உள்ளே ஒரு பாய், தலையணை, கொடியில் பூரணத்தின் சேலைகள், ஓரத்தில் கல்லடுப்பு.

நாகேஸ்வரி திகைத்துத் திரும்பினாள்.

"நீ இதுக்கையோ படுக்கிறாய்?"

"ஓம், மச்சாள். என்னாலையும் மாமாவுக்கு வரப்படாதெல்லோ."

"ஏன், உனக்கும் எழும்பேல்லையோ?"

பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். சீவரத்தினம்தான் சொன்னார்:

"அவவுக்கு நான் குத்தேல்லை, அம்மா. பிள்ளைத்தாச்சிக்குக் குத்தக்கூடாது."