சாம்பல் அள்ளும் முறை

"தானாப் போய் வேலையை இழுத்துத் தலையிலை போட்டவன் ஒருத்தனும் உலக சரித்திரத்திலை முன்னேறினதில்லை. என்னைப் பாருங்கோ," என்றார் மகேசன்.

தம்பியும் தங்கையும் பார்த்தார்கள். எல்லர்ஸ்லிப் புறநகரில் கணக்காளராக இருக்கும் அண்ணா முன்னேறியவர்தான். அதை அவரே அடிக்கடி சொல்வதால் யாரும் மறக்க வாய்ப்பில்லை.

மாசியில் தங்கை சுகந்தினியின் வாடகை வீட்டில் மூவரும் கூடியிருந்தது அம்மாவுக்காக. இடுப்பு ஆபரேஷன் முடிந்து அன்னபாக்கியம் நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். யாராவது ஒருவர் லீவு போட்டு, தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்கிறவரின் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் அம்மா படுத்தபடியே திருத்துவார். மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற காலம், தன்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அண்ணா முதலிலேயே சொல்லிவிட்டார்.

"உனக்குப் புது வேலையிலை லீவு தருவாங்களோ?" என்று வடையை எடுத்தபடி கேட்டார்.

"தொண்ணூறு நாள் ட்ரயல் இன்னும் முடியேல்லை அண்ணா. கேட்டா வேலை போயிடும்," என்றாள் சுகந்தினி. "அதுக்காக அம்மாவைப் பார்க்க மாட்டன் எண்டு சொல்லேலுமே?"

வடைக்குச் சம்பல் இன்னும் இருக்கிறதா என்று அண்ணா கேட்டார்.

நகரின் மறுகோடியில், ஆல்பனியில் மாணவர்களுக்குப் பழைய சமயங்களின் வரலாறு கற்பிக்கும் தம்பி ரஜிதன்தான் வழி சொன்னான். பண்டைய ஜெருசலேம் கோயிலில் யூத குருமார் இருபத்துநான்கு பிரிவாக, வாரத்துக்கு ஒரு பிரிவென்று முறை வைத்து வேலை செய்தார்களாம். நாளின் முதல் வேலை பலிபீடத்துச் சாம்பலை அள்ளுவது. அது யாருக்கு என்று தீர்மானிக்க எல்லோரும் வட்டமாக நின்று ஒரு விரலை நீட்டுவார்கள். பொறுப்பாளர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு விரல்களை எண்ணிக்கொண்டே போவார். எண் யாரிடம் முடிகிறதோ அவருக்கு வேலை.

"கட்டைவிரலை மட்டும் நீட்டக் கூடாது. சில பேர் அதையும் சேர்த்து நீட்டிக் கணக்கை மாத்தியிருக்கினம்."

"சாம்பல் அள்ளாமல் தப்பத்தானே? கெட்டிக்காரர்."

"இல்லை அண்ணா. தங்களுக்கே கிடைக்க வேணும் எண்டு."

மகேசன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் சிந்தியது. களவு செய்து வேலையிலிருந்து தப்புகிறவனை அவருக்குப் புரியுமாம். களவு செய்து வேலையை வாங்குகிறவனை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று கேட்டார். "சுத்த விசருகள்," என்று முடித்துவிட்டு, விளையாட்டுத்தானே என்று தானும் விரலை நீட்டினார்.

"எண் ஏழு. அக்காவிலை தொடங்கி நான், பிறகு அண்ணா," என்றான் ரஜிதன்.

சுகந்தினி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒன்று தான், நான்கு தான், ஏழும் தான். வேலை போயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள்.

ரஜிதனின் விரல் அவள் விரலைத் தொட்டது. ஒன்று. இரண்டு. மூன்றுக்குப் பிறகு அவன் குரல் கொஞ்சம் தயங்கியது, பிறகு தொடர்ந்தது. "ஏழு" என்றபோது அவள் விரலை யாரும் தொடவில்லை.

"என்ர தலையெழுத்து," என்று அண்ணா எரிந்து விழுவது கேட்டது. "கீழ் அறையை ஒதுக்கச் சொல்லவேணும்."

சுகந்தினி கண்ணைத் திறந்தாள். அண்ணாவின் கை இன்னும் மேசைமேல் அப்படியே இருந்தது. சுட்டுவிரலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலும் நீண்டிருந்தது.