பத்து மணி எக்கோ

“பத்து மணிக்கு வரச் சொல்லிட்டு பதினொண்ணேகால் ஆச்சு. இதெல்லாம் ஒரு வேலையா?” நாலாவது தடவையாகக் கேட்டார் பஸ் டிரைவர்.

“நீங்க ஓட்டற பஸ் என்னிக்குங்க டைமுக்கு வந்திருக்கு?” என்றாள் அவர் மனைவி.

ஆஸ்பத்திரியில் எக்கோ அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

அவளுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். நல்ல ஊசிதான், ஆனால் சில பேருக்கு இதயத்தைப் பலவீனமாக்கிவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எக்கோ எடுத்து, இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். அளவு இறங்கினால் ஊசி நின்றுவிடும். இன்னும் நாலே நாலு ஊசி பாக்கி.

டிரைவர் ரிசப்ஷன் பெண்ணிடம் போனார்.

“உள்ளே கண்ணாடி போட்டவர் சும்மாதானேம்மா உட்கார்ந்திருக்கார்? அவரையே எடுக்கச் சொல்லேன்.”

“போன தடவை பட்டது போதாதா சார்?”

எப்போதும் இவளுக்கு எக்கோ எடுக்கிற மேடம் போன தடவை லீவு. கண்ணாடிக்காரர் எடுத்தார். அளவு அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கிப்போய், ஊசியை நிறுத்தி, வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுவாரம் மேடம் வந்து திரும்ப எடுத்தார். இதயம் பழையபடி ஜம்மென்று இருந்தது. நெஞ்சில் கருவியை அவர் வைத்த கோணம் ஒன்று, இவர் வைத்த கோணம் ஒன்று. அதே மிஷினில் அதே ஆள் எடுத்தால்தான் முன்பு எடுத்ததோடு சரியாக ஒப்பிட முடியும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

“சரி, அவங்களே எடுக்கட்டும். நேரத்தோட வந்து எடுக்கறதுக்கு என்ன?”

பதினொன்றரைக்கு மேடம் மூச்சு வாங்க வந்தார். தோளில் பை. வந்ததும் வராததுமாக, “ஜெல் பாட்டில் எங்க வெச்சிருக்கீங்க?” என்று கண்ணாடிக்காரரைக் கேட்டார்.

“கேட்டியா? தினம் தொடற சாமான் எங்க இருக்குன்னு தெரியல” என்று டிரைவர் மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

“கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க.”

உள்ளே போனதும் மேடத்திடம் அவசரமே இல்லை. முதலில் பிரஷர் பார்த்தார். இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார். ஒரே இடத்தை மூன்று தரம் அளந்தார். டிரைவருக்குத் திரையில் ஒன்றும் புரியவில்லை. மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பயமாக இருந்தது.

“அறுபது” என்றார் மேடம். “ஊசி ஆரம்பிச்சப்ப இருந்த அதே அளவு. தாராளமா ஊசி போட்டுக்கலாம்.”

“இருபத்திரண்டு வருஷம் இவரோட குடித்தனம் பண்ணின இதயம் மேடம். ஊசிக்கெல்லாம் அசையுமா?”

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட டிரைவருக்கு, பயம் போனதும் கோபம் திரும்பி வந்துவிட்டது.

“பார்த்தியா, அரை மணி வேலை, அதோட கிளம்பியாச்சு. நான் பஸ்ஸைப் பாதி வழியில நிறுத்திட்டுப் போனா சும்மா விடுவாங்களா?”

மனைவி கையைப் பிடித்து இழுக்க இழுக்க, ரிசப்ஷனில் புகார் நோட்டை வாங்கி, நின்றுகொண்டே ஒரு பக்கம் எழுதினார். ‘கடமை உணர்ச்சி இல்லாத ஊழியர்’ என்ற இடத்தில் அடிக்கோடும் போட்டார்.

ரிசப்ஷன் பெண் நிதானமாகப் படித்தாள்.

“இதுல நடவடிக்கை எடுக்க முடியாது சார்.”

“ஏன், பெரிய இடத்துப் பொண்ணா?”

“இல்ல சார். அவங்க இங்க வேலையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு உங்க வீட்டம்மாவுக்கு எக்கோன்னு, புது ஆஸ்பத்திரியில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தாங்க.”