கண்ணாடிப் பெட்டித் தாத்தா

“இவரு எங்க தாத்தா!”

குதிரைப் பண்ணை முதலாளி தாஸ்தான் கண்ணாடிப் பெட்டியைத் தடவினார். உள்ளே, கல்லறை மேட்டில் தோண்டியெடுத்த எலும்புக்கூடு. பக்கத்தில் அதன் வாள்.

“எந்தத் தாத்தாண்ணே?” என்றேன். இந்த மியூசியத்துக்கு நான்தான் கைடு.

“ஏழு தலைமுறைத் தாத்தா பேரும் எனக்கு மனப்பாடம், தங்கச்சி. ஏழாவது ஆளு இவருதான்.”

ஏழு தலைமுறை என்றால் மிஞ்சிப்போனால் இருநூறு வருஷம். எலும்புக்கு வயசு இரண்டாயிரத்து ஐநூறு! நடுவில் இருந்தவர்களெல்லாம் கல்யாணமே பண்ணாமல் தூங்கினார்களாக்கும்.

வாயை மூடிக்கொண்டேன். எல்லாம் கூரைக்காக. மாமூத் யானைப் பல்லிலிருந்து இந்த வீரர் வரைக்கும் எல்லார் தலையிலும் ஒழுகுகிறது. பனி விழுந்தால் கூரையே உட்கார்ந்துவிடும். ‘தாஸ்தானின் முப்பாட்டனார்’ என்று பெட்டிமேல் பலகை வைத்தால் புதுக் கூரை போட்டுத் தருகிறாராம்.

அவருடைய அம்மா பிபிநூர் மூலையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் தோல். இத்தனை சரித்திரத்தில் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரியான ஜடம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து மியூசிய இயக்குநர் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார்.

“தலைநகர் அஸ்தானாவுலேர்ந்து எலும்புச் சோதனை முடிவு வந்திருக்கு. இது... ஆம்பள இல்லையாம். பொம்பளயாம்.”

தாஸ்தான் கையை வெடுக்கென்று எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

“அப்போ அந்த வாளு?”

“அவங்களோடதுதான்.”

“சீச்சீ! இது எங்க வம்சமே இல்ல. ஏழு பேர்ல பொம்பள எங்கேர்ந்து வருவா?”

“கூரை அண்ணே...” என்றேன்.

“இது யாரு பாட்டியோ, அந்தப் பேரனைப் பிடிச்சுக் கேளு! வாம்மா, போகலாம்.”

பிபிநூர் எழுந்தார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்கப்பன் சாகறப்ப உனக்கு மூணு வயசு. அந்த ஏழு பேரையும் உனக்கு மனப்பாடம் பண்ணி வச்சது யாருடா?”



அம்மா என் பக்கம் திரும்பினார்.

“குதிரை மந்தை இன்னும் என் பேர்லதான் இருக்கு, கண்ணு. கூரைய நான் போட்டுத் தரேன். பேர்ப் பலகையெல்லாம் வேணாம். பேரு இல்லாம கெடக்கறது இவளுக்கும் எனக்கும் பழக்கம்தான்.”