தார் ஆறுவதற்குள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கிருத்திகாவின் பனியன் கம்பெனி முன்னால் வண்டி நிறுத்தும் மண்தரையில் தார்க்கலவை புகைகிறது. போன மழையில் கண்டெய்னர் லாரி இங்கேதான் புதைந்து, சரக்கு கப்பலைத் தவறவிட்டது. நாளைக்கு அடுத்த லாரி வருகிறது. மேற்கே மேகம் கறுக்கிறது. ரோலர் உறுமிக்கொண்டு காத்திருக்கிறது. கலவையை இழுத்துப் பரப்பும் பாண்டியம்மாளின் பூட்ஸ், அடி பிளந்து வாயைத் திறக்கிறது. அவள் பல்லைக் கடித்தபடி இழுக்கிறாள்.

"வெளிய வாங்கக்கா, கால் வெந்துரும்" என்கிறாள் கிருத்திகா. "நான் வந்தா இது ஆறிக் கல்லாயிரும்மா." "கல்லானா ஆவட்டுங்க. மொதல்ல வாங்க." பாண்டியம்மாள் ஓரத்துக்கு வர, கிருத்திகா உள்ளே கட்டிங் மேசையில் மிஞ்சிய தடித்த துணியை அள்ளி வந்து, முருகா என்று முணுமுணுத்தபடி மண்டியிடுகிறாள். பூட்ஸுக்குள் கொஞ்சம் திணித்து, நீளத் துண்டால் அடியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுகிறாள். ஒற்றைக் காலில் தள்ளாடும் பாண்டியம்மாள், முதலாளியின் தோளைத் தொடத் தயங்கி, பிறகு அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். "சீக்கிரம்மா, சடையா பின்னுதீக?" என்கிறாள். ரோலர்காரர் சிரிக்கிறார். "அந்தக் காலையும் குடுங்கக்கா." "அது நல்லாத்தானம்மா இருக்கு." "இன்னும் ரெண்டு லோடு தாரு வருதுங்களே" என்று கிருத்திகா அடுத்த துணியை எடுக்கிறாள்.