ஜன்னலோரம் தொண்ணூறு நாள்

பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து வாசல் கதவைத் திறக்கும்வரை ஆலை டைம் கீப்பர் பல்கூடத் துலக்கவில்லை. ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்.

"வந்துட்டாளா?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துட்டா. ஒன்பது மணி ரெண்டு நிமிஷம்." நோட்டில் குறித்துக்கொண்டார்.

"கட்டினவ நான் எத்தனை மணிக்கு எழுந்திரிச்சேன்னு ஒரு நாளாவது எழுதியிருப்பீங்களா?"

நீங்கள் நினைப்பதுபோல ஒன்றும் இல்லை. அவர் கண் அவள்மேல் இல்லை. அவள் வீட்டு முன்னறையில் பிரித்துப் போட்டிருந்த ஃபேன்கள்மேல். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதால், இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் வீட்டிலேயே ஃபேன், இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் பார்க்க ஆரம்பித்திருந்தாள். கௌரவமானவர்கள் குடியிருக்கும் தெருவில் இப்படி ஒரு கடையா என்று டைம் கீப்பருக்கு வயிறு எரிந்தது.

நகராட்சி அலுவலகம் அவளுக்குத் தொண்ணூறு நாள் தற்காலிக அனுமதி கொடுத்திருந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தார் யாராவது ஆதாரத்தோடு எதிர்த்தால் ரத்து ஆகும் என்று அவள் வாசலில் நோட்டீஸும் ஒட்டியிருந்தது. 'ரத்து' என்ற சொல் வரைக்கும் ஆசையாகப் படித்தவருக்கு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கப் பொறுமை இல்லை.

ஆலையில் சேர்த்து வைத்திருந்த தொண்ணூறு நாள் லீவையும் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவியை அவள் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த லீவு அது.

"மூணே மாசம்!" என்று தெருக்கூட்டத்தில் மார்தட்டினார். "அந்தம்மா டூல்ஸ் பெட்டியைத் தூக்கிட்டு ஓடலன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

அதன்பிறகு ஜன்னலே கதி. குளிப்பதுகூட அவள் கடையைச் சாத்திய பிறகுதான். நடுவில் அவர் வீட்டு ஃபேனே கரகரவென்று இழுத்து நின்றுபோனது. வியர்வையில் தெப்பமாக நனைந்தாரே தவிர, பத்தடி தள்ளியிருந்த ரிப்பேர்க்காரியிடம் கொடுக்க மானம் இடம் தரவில்லை.

ஒருநாள் அவள் கொடியில் போர்வையைக் காயப்போட, ஜன்னல் மறைந்துவிட்டது. டைம் கீப்பர் நாற்காலிமேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

அவள் நிமிர்ந்து, "ஐயோ, மறைக்குதா அண்ணே?" என்று போர்வையை உருவி வேறு பக்கம் போட்டாள்.

"கொழுப்பைப் பாரு, கொழுப்பை!" என்று பல்லைக் கடித்தார்.

மனைவிக்கு அலுத்துவிட்டது. "ஏழு பேர் வந்தாங்கன்னு எழுதுறதுக்கு இருபத்தேழு பேருன்னு எழுதிட்டு எழுந்திரிங்களேன். யாரு எண்ணப் போறா?"

அவர் துடித்துப்போனார். "இருபத்தெட்டு வருஷமா ஆலை கேட்டுல உட்கார்ந்து நேரம் குறிக்கிறேன். ஒரு நிமிஷம் லேட்டா வந்தான்னு உன் தம்பிக்கே அரை நாள் வெட்டினவன் நான். என்னைப் போயி பொய் எழுதச் சொல்றியா?"

"அது மறக்குமா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

தொண்ணூற்றோராம் நாள் அவரையும் ரிப்பேர்க்காரியையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெண் அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார்.

"'நாற்பத்தோராம் நாள். வந்தவர்கள் ஏழு. கடைசி ஆள் போனது ஐந்து ஐம்பத்திரண்டு. சத்தம்: சுவரில் காதை வைத்தும் கேட்கவில்லை.'" வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாமே நீங்களே பார்த்து எழுதினதா, சார்?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தது, மேடம். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்காது."

"அப்ப பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தொண்ணூறு பக்கத்திலும் சுழித்துச் சுழித்துப் போட்டார். நடுநடுவே ரிப்பேர்க்காரியைக் கடைக்கண்ணால் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் வேறு குலுங்கியது. அழட்டும் என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

அதிகாரி முத்திரையை எடுத்து அவள் மனுவில் ஓங்கிக் குத்தினார். "இந்தாங்கம்மா, நிரந்தர அனுமதி."

டைம் கீப்பர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "மேடம்! நான் எதிர்க்க வந்தவன்!"

"தெரியுது சார். அதனாலதான் உங்க எழுத்தை நம்புறோம்." அதிகாரி விரல்விட்டு எண்ணினார். "நோட்டீஸ் அடியிலேயே போட்டிருக்கே, நிரந்தர அனுமதிக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல வரக்கூடாது, சாயங்காலம் ஆறுக்கு மேல நடக்கக்கூடாது, சத்தம் சுவரைத் தாண்டக்கூடாது. இந்த மூணையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் தொண்ணூறு நாளும் கண்ணால பார்த்துச் சாட்சி சொல்லணும். யாருக்கு சார் அவ்வளவு நேரம் இருக்கு? இந்த விதி வந்ததிலிருந்து தேறின முதல் மனு இதுதான்."

அவர் நோட்டைப் பறிக்கக் கை நீட்டினார். "நான் எப்ப இவங்களுக்குச் சாட்சி சொல்ல வந்தேன்? யாரு சொன்னது?"

ரிப்பேர்க்காரி அனுமதித் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சாட்சி யாருன்னு மனுவுல கேட்டிருந்தாங்க. முதல் நாளே உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்தேன், அண்ணே."